முதியவர்களின் கல்லீரலில் தற்செயலாகத் தெரியும் நீர்க்கட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுவலிக்கோ சிறுநீரகக் கல்லுக்கோ ஸ்கேன் எடுக்கப் போவார்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘கல்லீரலில் நீர்க்கட்டி’ என்று ஒரு வரி இருக்கும். எதற்காக ஸ்கேன் எடுத்தோம் என்பதே மறந்துபோய், வீடு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்படி வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் பொதுவானவை. உங்கள் வீட்டுப் பெரியவரின் படத்தைப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இவை மாற்று அல்ல.

அப்பாவுக்கு 76 வயது. கல்லீரலில் 4 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கல்லீரலில் தென்படும் நீர்க்கட்டிகளில் மிகப் பெரும்பகுதி ‘எளிய நீர்க்கட்டி’ என்ற வகைதான். கரு வளரும்போது பித்தக்குழாய்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று சேர வேண்டும். சேராமல் தனித்து நின்றுவிட்ட சிறு துண்டுகள் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் சுரந்து, பல பத்தாண்டுகளில் கட்டியாக உப்புகின்றன. அதனால்தான் 20 வயதில் தெரியாதது 70 வயதில் தெரிகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும். எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது: நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்பதிலிருந்து 18 பேர் வரை சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அபூர்வம் இல்லை.

இது புற்றுநோயாக மாறும் கட்டி அல்ல. கல்லீரலின் வேலையையும் கெடுப்பதில்லை. தொந்தரவு தராத எளிய நீர்க்கட்டியை, அளவு எதுவாக இருந்தாலும், திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து கண்காணிக்கத் தேவையில்லை என்று ஐரோப்பிய கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது.

ஆனால் ‘எளிய’ என்ற அந்தச் சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 4 செ.மீ. என்ற எண்ணை விட அந்தச் சொல்தான் முக்கியம்.

எளிய கட்டி எது, யோசிக்க வேண்டிய கட்டி எது? எப்படிப் பிரிக்கிறார்கள்?

அல்ட்ராசவுண்ட் திரையில் எளிய நீர்க்கட்டியை ஒருமுறை பார்த்தால் மறக்காது. சாம்பல் நிறக் கல்லீரலுக்கு நடுவே மை கொட்டியதுபோல் சுத்தமான கறுப்பு. விளிம்பு பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லியதாக இருக்கும். கட்டிக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை பளிச்சென்று வெளுத்துத் தெரியும். ஒலி அலை தண்ணீருக்குள் வலுவிழக்காமல் போவதால், கட்டிக்குப் பின்னால் இருக்கும் திசு கூடுதல் வெளிச்சமாகிவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. சி.டி., எம்.ஆர்.ஐ. எதுவும் வேண்டாம்.

கறுப்புக்குள் குறுக்கே தடுப்புச் சுவர்கள், சுவரில் முண்டு, தடித்த விளிம்பு, கலங்கல், சுண்ணாம்புப் படிவு, கட்டிக்கு மேல்பக்கத்துப் பித்தக்குழாய் வீங்கியிருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் ‘சிக்கலான நீர்க்கட்டி’ என்று எழுதுவார்கள். இந்தச் சொல்லைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விடுகிறது பலருக்கு. அது நோயின் பெயர் இல்லை. படத்தில் தெரிவதைப் பற்றிய வர்ணனை, அவ்வளவுதான். எளிய நீர்க்கட்டிக்குள் எப்போதோ கொஞ்சம் ரத்தம் கசிந்து உறைந்திருந்தாலும் இதே சொல்தான் வரும்.

உறைந்த ரத்தத்தையும் வளரும் திசுவையும் பிரிக்க ஒரு வழி உண்டு. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திப் படம் எடுத்தால், உயிருள்ள திசுவுக்குள் ரத்தம் ஓடுவதால் அது ஒளிரும், ரத்தக்கட்டி ஒளிராது. சிக்கலான கட்டிக்கு அடுத்த பரிசோதனையாக எம்.ஆர்.ஐ.யைச் சொல்வது இதற்காகத்தான். உள்ளே இருக்கும் மெல்லிய சுவர்களையும் பழைய ரத்தத்தையும் அது சி.டி.யை விடத் தெளிவாகக் காட்டும்.

சி.டி. ரிப்போர்ட்டில் ‘வகைப்படுத்த முடியாத அளவு சிறியது’ என்று எழுதியிருக்கிறார்கள். மறைக்கிறார்களா?

இல்லை. சில மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளியை சி.டி.யால் தண்ணீர்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. புற்றுநோய் எதுவும் முன்பு இல்லாதவருக்கு அந்தப் புள்ளி அநேகமாக எப்போதும் சாதுவானதுதான். முன்பே எங்காவது புற்றுநோய் வந்தவர் என்றால் கணக்கு வேறு. அதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அரிய நீர்க்கட்டிகள் என்றால் எவை?

வயதானவர்களிடம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவற்றில் மருத்துவரை உட்கார்ந்து யோசிக்க வைப்பது ‘மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம்’. சளி போன்ற திரவம் சுரக்கும் கட்டி. பழைய ரிப்போர்ட்டுகளில் ‘பிலியரி சிஸ்டடினோமா’ என்று இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வகைப்பாட்டில் பெயர் மாறியது. கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுவருக்குள் சினைப்பையின் திசுவைப் போன்ற ஓர் அடுக்கு இருக்கும். கல்லீரலில் அது எப்படி வந்தது என்று முதல்முறை பார்க்கும் மாணவர்கள் திகைப்பார்கள். பெரும்பாலும் ஒற்றைக் கட்டி, உள்ளே அறை அறையாகத் தடுப்புகள், கல்லீரலின் இடப்பக்கம் சார்ந்த நான்காம் பகுதியில் அதிகம். இதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று ‘சிலியேட்டட் ஃபோர்கட் சிஸ்ட்’. கருவில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் உருவாகும் முன்குடலிலிருந்து ஒரு மொட்டு வழிதவறிக் கல்லீரலுக்குள் மாட்டிக்கொள்கிறது. உள்சுவரில் மூச்சுக்குழாயில் இருப்பதைப் போலவே நுண்ணிய மயிரிழைகள் இருக்கும். 1857-ல் ஃப்ரீட்ரைக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். இன்றைய பெயர் 1984-ல் வீலரும் எட்மண்ட்சனும் வைத்தது. வழக்கமாகச் சிறியது, 3 அல்லது 4 செ.மீ.க்குள், நான்காம் பகுதியில் கல்லீரலின் உறைக்குச் சற்று உள்ளே இருக்கும். உள்ளே இருப்பது கெட்டியான சளி என்பதால் சி.டி.யில் திடக்கட்டி மாதிரியே ஏமாற்றும். இது புற்றாக மாறிய நோயாளிகள் சிலர் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அதனால் உடல்தகுதி உள்ளவர்களுக்கு அகற்றச் சொல்வது வழக்கம். 80 வயதில், 2 செ.மீ. அளவில், வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும் ஒன்றுக்காக ஆபரேஷன் மேசைக்குப் போகத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அதைத் தயங்காமல் கேட்கலாம்.

மற்றவை சுருக்கமாக. கல்லீரல் சுருக்கநோய் உள்ளவர்களுக்குப் பித்தக்குழாய்களை ஒட்டி மணிமாலைபோல் குட்டிக் கட்டிகள் வரலாம். குழாயே வீங்கியிருக்கிறது என்று தப்பாகப் படிக்கப்படுவதுதான் இதிலுள்ள தொல்லை. கல்லீரல் முழுக்க ஒன்றரை செ.மீ.க்கும் சிறிய புள்ளிகளாக, எம்.ஆர்.ஐ.யில் நட்சத்திரம் நிறைந்த வானம் மாதிரி தெரிந்தால் அது பித்தக்குழாய் ஹமார்டோமா என்ற சாதுவான உருவக்கோளாறு, விட்டுவிடலாம். பித்தக்குழாயோடு நேரடித் தொடர்புள்ள, உள்ளே முண்டு முண்டாக வளரும் கட்டியும் உண்டு. இதை விடக்கூடாது, பித்தக்குழாய் நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். வேறு உறுப்பிலிருந்து பரவிய சில புற்றுகளும் நடுவே அழுகி நீர்க்கட்டி வேஷம் போடும். அவற்றின் விளிம்பு தடித்து, கான்ட்ராஸ்ட் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மாவுக்கு 74 வயது. ‘மியூசினஸ்’ வகையாக இருக்கலாம் என்கிறார்கள். ஆபரேஷன் கட்டாயமா?

புத்தகத்தில் பதில் எளிது: சந்தேகம் வலுவாக இருந்தால் கட்டியை முழுவதுமாக வெட்டி எடுக்க வேண்டும். மேல்கூரையை மட்டும் திறந்துவிட்டால் மறுபடி வளரும். அதில் புற்று ஒளிந்திருந்தால் அதுவும் மிஞ்சும். வெட்டி எடுத்த கட்டிகளில் ஊடுருவும் புற்று இருப்பது நூற்றில் சில பேருக்குத்தான். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சிலர் யார் என்று படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

நிஜத்தில் முதல் கேள்வி, சந்தேகம் எவ்வளவு வலுவானது என்பது. தடித்த தடுப்புச் சுவரும் முண்டும் பெரிய எச்சரிக்கைகள். மெல்லிய தடுப்புகள், உள்ளே ரத்தக்கசிவு, மேல்பக்கப் பித்தக்குழாய் வீக்கம், கல்லீரலில் வேறு கட்டிகள் அதிகம் இல்லாமல் இது மட்டும் நிற்பது ஆகியவை சின்ன எச்சரிக்கைகள். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி பெரியதில் ஒன்றும் சின்னதில் ஒன்றும் சேர்ந்தால்தான் சந்தேகம் வலுப்படுகிறது. மெல்லிய நூல் போன்ற ஒரே ஒரு தடுப்பு என்றால், எளிய நீர்க்கட்டிகளிலும் அது உண்டு. இரண்டு எளிய கட்டிகள் ஒட்டி நின்றாலும் நடுவே சுவர் இருப்பதுபோல் தோன்றும்.

இரண்டாவது, அம்மா எப்படி இருக்கிறார்? 74 என்ற எண்ணைக் கேட்கவில்லை. மாடிப்படி ஏறுகிறாரா, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா, இதயமும் நுரையீரலும் மயக்கமருந்தைத் தாங்குமா, எடை குறைந்துகொண்டே வருகிறதா? நல்ல திடகாத்திரமான 74 வயதுக்காரருக்கு, முண்டு தெரியும் கட்டியை ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவைப்பது தவறு. அதேபோல, படுக்கையை விட்டு எழவே துணை தேவைப்படும் ஒருவருக்கு, சில சதவீத அபாயத்துக்காகக் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டுவதும் தவறு என்றே நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமான வழி. முண்டு புதிதாக வந்தாலோ வளர்ந்தாலோ பேச்சு மாறும். முடிவை ஒரு டாக்டர் தனியாக எடுக்காமல் கல்லீரல் அறுவை நிபுணர், ரேடியாலஜிஸ்ட் எல்லாரும் சேர்ந்து எடுத்தால் நல்லது.

ஊசி போட்டுக் கொஞ்சம் திரவம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலனும் குறைவு, ஆபத்தும் உண்டு. திரவத்தில் செல்கள் அதிகம் இருக்காது. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. மியூசினஸ் கட்டியில் புற்று இருந்தால் ஊசி வழியே சிந்தக்கூடும். ஹைடேட்டிட் என்ற ஒட்டுண்ணிக் கட்டியைத் தெரியாமல் குத்திவிட்டால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் யாராவது ஊசி போடச் சொன்னால், ‘இதனால் சிகிச்சை என்ன மாறும்?’ என்று கேளுங்கள்.

ரத்தத்தில் சி.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீடு கூடுதலாக இருக்கிறதே?

அது மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எளிய நீர்க்கட்டியின் உள்சுவரே இதைச் சுரக்கும். ரத்தம் கசிந்தாலோ கிருமி தொற்றினாலோ இன்னும் ஏறும். சாதுவான கட்டியையும் மியூசினஸ் கட்டியையும் பிரிக்க இந்தச் சோதனை உதவாது என்பதால் கேட்காமலே இருப்பது நல்லது. எடுத்துவிட்டு ராத்திரி தூக்கம் கெட்டவர்கள்தான் அதிகம்.

12 செ.மீ. என்கிறார்கள். இவ்வளவு பெரிதாக இருந்தால் வெடிக்காதா?

தானாக வெடிப்பது மிக அரிது. பெரிய கட்டியில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும், அது சரிதான். ஆனாலும் அளவை மட்டும் வைத்து சிகிச்சை முடிவாவதில்லை. தொந்தரவு இருக்கிறதா என்பதே கேள்வி. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, வலது விலாவுக்குக் கீழே பாரம், குனிந்தால் மூச்சு முட்டுவது போன்றவை பெரிய கட்டியின் அறிகுறிகள்.

வயதானவர்களிடம் இங்கேதான் சறுக்கல். இதே தொந்தரவுகளை மலச்சிக்கல், இரைப்பைப் புண், இதயக் கோளாறு எல்லாமே தரும். 3 செ.மீ. கட்டியின் தலையில் பழியைப் போட்டு மற்றதைத் தேடாமல் விட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

தொந்தரவு கட்டியால்தான் என்றால் என்ன செய்வார்கள்?

இரண்டு வழி. திரவத்தை ஊசி வழியே வடித்து, ஆல்கஹால் போன்ற மருந்தை உள்ளே சிறிது நேரம் நிறுத்தி, சுரக்கும் உள்சுவரைச் செயலிழக்க வைப்பது ஒன்று. மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும் என்பதால் தளர்ந்த உடல்வாகு உள்ளவர்களுக்குத் தோதானது. மற்றது லேப்ராஸ்கோப்பி வழியே கட்டியின் மேல்கூரையை வெட்டித் திறந்துவிடுவது. சுரக்கும் திரவத்தை வயிற்றறையே உறிஞ்சிக்கொள்ளும். திரவத்தை வெறுமனே வடித்துவிட்டு விட்டால் சில வாரங்களில் திரும்ப நிறைந்துவிடும். மருந்து செலுத்துவதற்கு முன் கட்டிக்குப் பித்தக்குழாயோடு தொடர்பு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இருந்தால் ஆல்கஹால் குழாய்களை எரித்துவிடும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். மருந்து செலுத்திய பிறகு முதல் சில வாரங்களில் கட்டி மறுபடி நிறைந்ததுபோல் ஸ்கேனில் தெரியும். தோற்றுவிட்டது என்று பதறத் தேவையில்லை. அப்புறம் மெதுவாகச் சுருங்கும். முழுப் பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்த வேண்டுமா?

கட்டி இருக்கிறது என்பதற்காக நிறுத்த வேண்டாம். நீங்களாக நிறுத்தவே கூடாது. கட்டியை விடப் பக்கவாதம்தான் பெரிய ஆபத்து. திடீரென்று வலது மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து, ஸ்கேனில் கட்டிக்குள் ரத்தம் தெரிந்தால் மட்டும் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். பொதுவாக 7 முதல் 15 நாளுக்குள் திரும்பத் தொடங்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். வலி பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும்.

காய்ச்சல் வந்தால்?

கட்டிக்குள் கிருமித் தொற்று அரிது, ஆனால் லேசானது இல்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டி இருக்கும் இடத்தில் வலி என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே, திடீர்க் குழப்பமும் சாப்பாட்டில் வெறுப்பும் மட்டும் வரலாம் என்பதை மறக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் ஒரு வாரத்தில் முடிகிற கதை அல்ல. 4 முதல் 6 வாரம் தேவைப்படும். இதற்கு அடிக்கடி எழுதப்படும் ஃபுளூரோகுவினோலோன் வகை மாத்திரைகள் முதியவர்களிடம் தசைநாண் கிழிவு, மனக்குழப்பம், சர்க்கரை ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை உண்டாக்கலாம். குதிகால் தசைநாணில் வலி வந்தால் உடனே சொல்லுங்கள்.

ஹைடேட்டிட் கட்டி என்று சொன்னார்களே, அது?

நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே வாழ்க்கை நடத்தும் ஒரு நாடாப்புழு. அதன் முட்டை கைவழியோ உணவுவழியோ மனித வயிற்றுக்குள் போனால், கல்லீரலில் போய்க் கட்டியாக வளரும். மிக மெதுவாக வளர்வதால், சின்ன வயதில் தொற்றியது முதுமையில் தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இந்தக் கட்டியை அல்ட்ராசவுண்ட் தோற்றத்தை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் உயிர்ப்புள்ளவை, மூன்றாவது மாறும் நிலை, நான்கும் ஐந்தும் அடங்கியவை. முதியவர்களிடம் தற்செயலாகத் தெரிவதில் பல இந்தக் கடைசி நிலைகளில், முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு படிந்து கிடப்பவை. தொந்தரவு தராவிட்டால் இவற்றுக்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்; அவ்வப்போது ஸ்கேனில் பார்த்தால் போதும். உயிர்ப்புள்ள நிலை என்றால் ஆல்பெண்டசோல் மாத்திரை, ஊசி வழிச் சிகிச்சை, அறுவை என்று நிலைக்கேற்ப மாறும். ஆல்பெண்டசோலை மாதக்கணக்கில் சாப்பிடும்போது கல்லீரல் சோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தச் சோதனையில் ஹைடேட்டிட் இல்லை என்று வந்தாலும் படம் அப்படித் தெரிந்தால் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

பேஸ்மேக்கர் இருக்கிறது, சிறுநீரகமும் சுமார்தான். எம்.ஆர்.ஐ. எப்படி எடுப்பது?

இப்போதைய பேஸ்மேக்கர்கள் பலவற்றோடு, சில முன்னேற்பாடுகளைச் செய்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கருவியின் அட்டையைக் கொண்டுபோங்கள். முடியாது என்றால் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் நல்ல மாற்று. அதில் செலுத்தப்படும் நுண்குமிழிகள் மூச்சு வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகத்துக்குப் பாரம் இல்லை. தடுப்புச் சுவரில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்பதை அங்கேயே நேரடியாகப் பார்க்கலாம்.

கட்டி ஒன்றல்ல, எண்ணவே முடியவில்லை என்கிறார்கள்.

பத்துக்கு மேல் இருந்தால் பலநீர்க்கட்டி நோயா என்று யோசிப்பார்கள். சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஹார்மோன் கட்டிகளைப் பெரிதாக்கும்.

எளிய நீர்க்கட்டியைக் கரைக்க மருந்தோ பத்தியமோ உண்டா?

இல்லை.

85 வயது பாட்டிக்கு ‘இதை அப்படியே விட்டுவிடலாம்’ என்கிறார் டாக்டர். கைவிட்டுவிட்டாரா?

ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். ‘எளிய கட்டி, ஒன்றும் செய்யாது’ என்பதால் சொல்லலாம். ‘கொஞ்சம் சந்தேகம் உண்டு, ஆனால் ஆபரேஷன் அதைவிட ஆபத்து’ என்பதாலும் சொல்லலாம். முதலாவது என்றால் இனி ஸ்கேனே வேண்டாம். இரண்டாவது என்றால் மஞ்சள்காமாலை, புதிய வலி, காரணமில்லாத எடைக்குறைவு என்று எதைக் கண்டால் திரும்ப வர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பீரோவில் கிடக்கும் பழைய ஸ்கேன்களைத் தேடி எடுங்கள். பத்து வருடத்துக்கு முன் பித்தப்பைக்காக எடுத்த படத்தில் அதே இடத்தில், அதே அளவில், அதே கட்டி இருக்கும். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எந்தப் புதிய பரிசோதனையும் தராத தகவல் அது. பாட்டி அடுத்த முறை வேறு எதற்கோ வேறு ஆஸ்பத்திரியில் படுத்தால், அங்கே இந்தக் கட்டியை யாராவது ‘புதிதாக’க் கண்டுபிடிப்பார்கள். அதனால் எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, அந்தப் பழைய படத்தோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள்.